வயிற்றின் வாசலும் அலெக்சிஸ் என்ற மனிதரும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள். விஷயமும் சாப்பாட்டைப் பற்றியதுதான்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஏழாம் வகுப்பில் செரிமானப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இரைப்பை படத்தைக் கரும்பலகையில் வரைந்து, பாகங்களைக் குறித்துவிட்டு, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கதையையும் சொன்னேன். அமெரிக்காவில் ஒருவர் வயிற்றில் குண்டு பாய்ந்து ஓட்டை விழுந்தது, அந்த ஓட்டை வழியாக ஒரு டாக்டர் செரிமானத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார், அந்த டாக்டர் பெயர் வில்லியம் பியூமாண்ட் என்று சொல்லி, பெயரைப் பலகையில் எழுதினேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "அந்த ஆளு பேரு என்ன டீச்சர்? அவருக்கு வலிக்கலையா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்று சொல்லிவிட்டேன். அவளும் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுவதும் அவள் என்னிடம் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தக் கதையை ஒழுங்காகத் தேடிப் படித்தேன். அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்.

முதலில் பாடத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்வோம். சாப்பிட்ட சோறு உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்கு வருகிறது. இரைப்பையின் கீழ்முனையில், சிறுகுடல் தொடங்கும் இடத்தில், வளையம் போல ஒரு கெட்டியான தசை இருக்கிறது. அதற்குப் பைலோரஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் வாசல் காப்பவர் என்று பொருள். நம் வீட்டு மொழியில் சொன்னால் வாட்ச்மேன். பெயர் வைத்தவர்களுக்கு அங்கே ஒரு வாசல் இருப்பது தெரிந்திருந்தது. ஆனால் அந்த வாட்ச்மேன் எதைப் பார்த்துக் கதவைத் திறக்கிறார், யார் சொல்லி மூடுகிறார் என்பது இருபதாம் நூற்றாண்டு வரை யாருக்கும் சரியாகத் தெரியாது.

வாசலை விடுங்கள், வயிற்றுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதிலேயே சண்டை இருந்தது. உணவு அங்கே வேகிறது என்றார்கள் சிலர். அழுகுகிறது என்றார்கள் சிலர். அம்மியில் அரைப்பது போல அரைபடுகிறது என்றார்கள் வேறு சிலர். பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்ற பாதிரியார் துணிப் பைகளில் உணவை வைத்துத் தைத்து, தானே விழுங்கிப் பார்த்தார். பை அப்படியே வெளியே வந்தது, உள்ளே இருந்த உணவு கரைந்து போயிருந்தது. ஆக, கரைக்கிற ஒரு நீர் உள்ளே இருக்கிறது என்று தெரிந்தது. ஆனாலும் உயிரோடு இருக்கும் மனிதனின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க வழி இல்லை.

அந்த வழி ஒரு விபத்தால் திறந்தது.

1822 ஜூன் 6. அமெரிக்காவின் பெரிய ஏரிகளுக்கு நடுவே மேக்கினா என்று ஒரு சின்னத் தீவு. அங்கே அமெரிக்கன் ஃபர் கம்பெனியின் கடை. காட்டு விலங்குகளின் தோலை வாங்கி விற்கும் வியாபாரம். கடையில் கூட்டம். யாரோ ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. வாத்து சுடும் ஈயக் குண்டுகள் போட்ட துப்பாக்கி. ஒரு கஜம்கூடத் தள்ளி நிற்காத ஓர் இளைஞரின் இடது மார்புக்குக் கீழே மொத்தமும் பாய்ந்தது.

அவர்தான் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின். கனடாவில் பிரெஞ்சு பேசும் குடும்பத்துப் பிள்ளை. தோணி வலித்துச் சரக்கு ஏற்றி இறக்கும் கூலி வேலை. எழுதப் படிக்கத் தெரியாது.

தீவில் இருந்த கோட்டைக்கு ஒரே ஒரு ராணுவ டாக்டர். அவர்தான் வில்லியம் பியூமாண்ட். கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை. வேறொரு டாக்டரிடம் கூடவே இருந்து தொழில் கற்றவர். அதற்கு முன்னால் சில வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராகவும் இருந்தார் என்று படித்தபோது, அட, நம்ம ஆள் என்று தோன்றியது.

பியூமாண்ட் வந்து பார்த்தபோது விலா எலும்பு உடைந்து, நுரையீரலின் ஒரு பகுதி வெளியே தள்ளி, இரைப்பையிலும் ஓட்டை விழுந்து, காலையில் சாப்பிட்டது அதன் வழியே வெளியே வந்துகொண்டிருந்தது. பிழைக்க மாட்டார் என்றுதான் டாக்டரே நினைத்தார். ஆனாலும் விடாமல் காயத்தைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். 17 நாள் வாயால் சாப்பிட்டதெல்லாம் ஓட்டை வழியாக வெளியே வந்தது. பிறகு மெதுவாக உணவு உள்ளே தங்க ஆரம்பித்தது. அலெக்சிஸ் பிழைத்துக்கொண்டார்.

ஆனால் ஓட்டை மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு மார்புக்கூட்டின் தோலோடு ஒட்டி ஆறிவிட்டது. கம்மல் போட்ட காதுத்துளை எப்படி மூடாமல் நிற்கிறதோ அப்படி. கொஞ்ச காலம் துணி வைத்து அடைத்துக் கட்டினால்தான் சாப்பாடு உள்ளே நிற்கும். பிறகு உள்ளிருந்து ஒரு சதை மடிப்பு வளர்ந்து, திரை போல ஓட்டையை மறைத்தது. விரலால் லேசாகத் தள்ளினால் உள்ளே பார்க்கலாம்.

இதற்குள் ஊர் நிர்வாகம், இவருக்கு இனிமேல் செலவு செய்ய முடியாது, கனடாவுக்கே அனுப்பிவிடுகிறோம் என்றது. அந்த உடம்போடு அவ்வளவு தூரம் தோணியில் போனால் செத்துவிடுவார் என்று பியூமாண்ட் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். தன் சம்பளத்தில் சோறு போட்டார், காயத்துக்கு மருந்து போட்டார். இதை நாம் மறக்கக் கூடாது. அதே வீட்டில் அலெக்சிஸ் விறகு வெட்டினார், எடுபிடி வேலை செய்தார். 1825-இல் பியூமாண்ட் சோதனைகளைத் தொடங்கினார். அதன் பிறகு வேலைக்காரர், நோயாளி, சோதனைப் பொருள் மூன்றும் ஒரே ஆள்தான்.

1825 ஆகஸ்ட் 1, மதியம் 12 மணி. பட்டு நூலில் வரிசையாக மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, ரொட்டி, நறுக்கின முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் கட்டி, ஓட்டை வழியாக உள்ளே விட்டார் டாக்டர். ஒரு மணிக்கு நூலை இழுத்துப் பார்த்தார். கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன, இறைச்சி அப்படியே இருந்தது. மறுபடி உள்ளே விட்டார். இரண்டு மணிக்கு இழுத்தபோது கோஸ், ரொட்டி, பன்றிக் கொழுப்பு எல்லாம் போய்விட்டன. இப்படி மணிக்கு மணி.

மறுநாள் அலெக்சிஸுக்கு வயிற்றில் வேதனை, தலைவலி, நாக்கில் மாவு படிந்தது போல வெள்ளை. டாக்டர் ஓட்டை வழியாகப் பார்த்தபோது இரைப்பையின் உள்சுவரில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். வாயால் விழுங்கக் கொடுப்பதற்குப் பதிலாக, மாத்திரைகளை அந்த ஓட்டை வழியாகவே உள்ளே போட்டார்.

இரைப்பை நீரை எடுப்பதற்குக் குழாய் விடும்போதெல்லாம் அலெக்சிஸுக்கு நெஞ்சுக்குழி உள்ளே இழுத்துக்கொண்டு போவது போல இருக்கும், மயக்கம் வரும். இதையெல்லாம் நான் கற்பனை செய்யவில்லை, பியூமாண்ட் தாமே எழுதி வைத்திருக்கிறார்.

ஆமாம் கண்ணு. அவருக்கு வலித்தது. டாக்டருக்கும் அது தெரியும்.

சில வாரங்களில் அலெக்சிஸ் சொல்லாமல் கொள்ளாமல் கனடாவுக்குப் போய்விட்டார். மரி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். குழந்தைகள் பிறந்தன. வயிற்றில் அந்த ஓட்டையோடேயே மறுபடி தோணி வலித்தார். நாலு வருஷம் கழித்து டாக்டர் ஆள் விட்டுத் தேடி, குடும்பத்தோடு வரவழைத்தார். 1829 முதல் 1831 வரை மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஒரு கோட்டையில் மறுபடி சோதனைகள். பிறகு ஊர் ஞாபகம் வந்து, மனைவி பிள்ளைகளைத் தோணியில் ஏற்றிக்கொண்டு, ஆறுகளையும் ஏரிகளையும் தாண்டிக் கனடாவுக்கே திரும்பினார். 1832-இல் மூன்றாவது முறை வந்தபோது ஒப்பந்தம் எழுதினார்கள். ஒரு வருஷத்துக்கு 150 டாலர், சாப்பாடு, துணி, தங்க இடம். பதிலுக்கு டாக்டர் சொல்லும் சோதனைக்கெல்லாம் உடம்பைக் கொடுக்க வேண்டும். அலெக்சிஸ் கையெழுத்துப் போடத் தெரியாமல் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

1833-இல் பியூமாண்டின் புத்தகம் வெளிவந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகள். இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, அது சுரப்பது உணவு வந்த பிறகுதான், வயிற்றுக்கு வெளியே கண்ணாடிக் குப்பியில் உடம்புச் சூட்டில் வைத்தாலும் அது இறைச்சியைக் கரைக்கும் என்பதெல்லாம் அதில் உறுதியானது. எந்த உணவு எவ்வளவு நேரம் வயிற்றில் தங்குகிறது என்று ஒரு பட்டியலும் போட்டார். குழைய வெந்த சோறு 1 மணி நேரம். காய்ச்சின பால் 2 மணி நேரம். கெட்டியாக வேக வைத்த முட்டை மூன்றரை மணி நேரம். வறுத்த பன்றி இறைச்சி 5 மணி 15 நிமிடம். ஒரே மனிதரின் வயிற்றில் அளந்த கணக்கு இது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வாசல் விஷயத்துக்கும் அதில் மூன்று குறிப்புகள் கிடைக்கின்றன. தண்ணீர் குடித்தால் அது வயிற்றில் நிற்பதில்லை, சீக்கிரம் போய்விடுகிறது, கெட்டி உணவுதான் தங்குகிறது. இது ஒன்று. வாசலுக்கு அப்பால் இருக்கும் பித்தநீர் சாதாரணமாக இரைப்பைக்குள் வருவதில்லை, அலெக்சிஸ் கடுங்கோபத்தில் இருந்தபோதும், எண்ணெய்ப் பண்டம் அதிகம் சாப்பிட்டபோதும் வந்தது. இது இரண்டு. உள்ளே விட்ட வெப்பமானியின் நுனியை வாசல் பக்கத்துத் தசை இறுக்கிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. இது மூன்று. அலெக்சிஸ் ஏன் கோபமாக இருந்தார் என்பதை நாம் யோசித்தால் போதும், புத்தகத்தில் தேட வேண்டியதில்லை.

ஆனால் வாசலை பியூமாண்டால் நேரில் பார்க்க முடியவில்லை. ஓட்டை இருந்தது இடது பக்கம் மேலே. வாசல் இருப்பது வலது பக்கம் கீழே, உள்ளுக்குள் மறைவாக. சன்னல் வழியாகக் கூடம் தெரிந்தது, கொல்லைக் கதவு தெரியவில்லை.

அடுத்த சன்னல் திறக்க அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1895-இல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற மருத்துவ மாணவர் அதை வயிற்றின் பக்கம் திருப்பினார். எக்ஸ் கதிரில் எலும்பு தெரியும், சோறு தெரியாது. அதனால் உணவோடு பிஸ்மத் உப்பைக் கலந்து பூனைக்குக் கொடுத்தார். அது கதிர்களை மறைக்கும், ஆகவே உணவு இருக்கும் இடம் திரையில் நிழலாகத் தெரியும். இன்று ஸ்கேன் சென்டரில் பேரியம் குடிக்கச் சொல்கிறார்களே, அதே யோசனைதான்.

இருட்டறையில் உட்கார்ந்து அவர் பார்த்தது இது. இரைப்பையின் நடுவில் ஓர் அலை புறப்பட்டு வாசலை நோக்கிப் போகிறது. அதன் பின்னால் இன்னோர் அலை. கடல் அலை மாதிரி ஒழுங்காக, நிற்காமல். ஆனால் ஒவ்வோர் அலைக்கும் வாசல் திறப்பதில்லை. பல அலைகள் வந்து மோதிவிட்டுப் போகின்றன. எப்போதோ ஒரு தடவை வாசல் திறந்து கொஞ்சம் கூழ் அந்தப் பக்கம் போகிறது. கெட்டியான துண்டு ஒன்று வாசலுக்கு வந்தால் கதவு மூடியே இருக்கிறது, துண்டு திரும்ப உள்ளே தள்ளப்படுகிறது.

பூனை பயந்தாலோ கோபப்பட்டாலோ அலைகள் சட்டென்று நின்றுவிட்டன. தடவிக்கொடுத்து, அது சமாதானமாகி உறுமத் தொடங்கினால் மறுபடி தொடங்கின. இதை 1898-இல் எழுதினார். சாப்பிடுகிற பிள்ளையைத் திட்டாதே என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு எக்ஸ் கதிரில் சாட்சி கிடைத்தது. கேனன் பிற்காலத்தில் பயத்தையும் கோபத்தையும் உடம்பு எப்படிச் சமாளிக்கிறது என்று ஆராய்ந்து பெயர் பெற்றதற்கு ஆரம்பம் இந்தப் பூனை வயிறுதான்.

1904-இல் அவர் இன்னொன்றும் சொன்னார். மாவுப்பொருள் வாசலைச் சீக்கிரம் தாண்டுகிறது, புரதம் அதைவிட மெதுவாக, கொழுப்பு எல்லாவற்றையும் விட மெதுவாக. பியூமாண்டின் பட்டியலில் சோறு முன்னாலும் பன்றி இறைச்சி பின்னாலும் நின்றது ஞாபகம் இருக்கிறதா?

ஏன் இந்த வேறுபாடு? கேனன் 1907-இல் ஒரு விளக்கம் கொடுத்தார். இரைப்பைப் பக்கம் அமிலம் சேர்ந்தால் வாசல் திறக்கும், அந்த அமிலம் குடல் பக்கம் போய்ச் சேர்ந்தால் வாசல் மூடும். அழகான விளக்கம். ஆனால் இதில் முதல் பாதி நிற்கவில்லை. அமிலமே சுரக்காத வயிறுகளும் உணவை வெளியே அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. இரண்டாம் பாதி நின்றது. குடலில் அமிலம் விழுந்தால் இரைப்பை தன் வேகத்தைக் குறைக்கிறது. அப்படியானால் உத்தரவு வருவது குடலிலிருந்து.

எப்படி வருகிறது? அதற்கு வழி 1902 ஜனவரியில் லண்டனில் கிடைத்திருந்தது. பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், நரம்புத் தொடர்பை அறுத்த ஒரு நாயின் குடல் பகுதியில் அமிலத்தை விட்டார்கள். நரம்பு இல்லாமலேயே கணையம் தன் நீரைச் சுரந்தது. குடல் ஒரு பொருளை ரத்தத்தில் கலந்து செய்தி அனுப்புகிறது என்று புரிந்தது. அதற்கு செக்ரிட்டின் என்று பெயர் வைத்தார்கள். 1905-இல் ஸ்டார்லிங் இப்படிப்பட்ட பொருள்களுக்கெல்லாம் பொதுவாக ஹார்மோன் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்று வீட்டுக்கு வீடு சொல்லும் இந்தச் சொல் குடலைப் பற்றிய ஆராய்ச்சியில் பிறந்தது.

1930-இல் பீக்கிங் நகரத்து மருத்துவக் கல்லூரியில் கோசாகா என்பவரும், சிங்கப்பூரில் பிறந்த ராபர்ட் லிம் என்பவரும், குடலில் கொழுப்பு சேர்ந்தால் அங்கிருந்து ரத்தத்தில் கலக்கும் ஒன்று இரைப்பையை அடக்குகிறது என்று காட்டினார்கள். பிறகு இப்படிப்பட்ட ஹார்மோன்கள் ஒன்றல்ல, பல என்று தெரிந்தது. நரம்புகளுக்கும் இதில் பங்கு உண்டு.

இன்று நமக்குத் தெரிந்ததைச் சேர்த்துச் சொல்கிறேன்.

சாப்பிட ஆரம்பித்ததும் இரைப்பையின் மேல்பாதி தளர்ந்து இடம் கொடுக்கிறது. கீழ்பாதி அரைக்கிறது. மனிதருக்கு நிமிடத்துக்கு 3 அலை. ஒவ்வோர் அலையும் உணவை வாசல் வரை தள்ளுகிறது. வாசல் மிகச் சின்னதாகத் திறந்து, நீர்த்த கூழைக் கொஞ்சம் விட்டு, மூடிக்கொள்கிறது. மீதி பின்னால் தெறித்து மறுபடி அரைபடுகிறது. 1 அல்லது 2 மில்லிமீட்டருக்கும் சிறிதாகிற வரை கெட்டித் துண்டுக்கு அனுமதி இல்லை. வெறும் தண்ணீரில் பாதி 20 நிமிடத்துக்குள் போய்விடும். ஒரு முழுச் சாப்பாடு போக 4 மணி நேரம்கூட ஆகும்.

எவ்வளவு அரைத்தும் கரையாதது என்ன ஆகும்? வயிறு காலியான பிறகு, ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பெரிய அலை ஒன்று வந்து, வாசலை அகலத் திறந்து, மிச்சம் மீதியைப் பெருக்கித் தள்ளுகிறது. நம் வகுப்பில் புளியங்கொட்டையை விழுங்கிவிட்டு வயிற்றில் மரம் முளைக்கும் என்று அழுதவர்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள். உங்களைக் காப்பாற்றியது அந்த அலைதான். ஆனால் பேரப்பிள்ளைகள் கடிகாரத்து பேட்டரியை விழுங்கினால் அலைக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வாசலுக்கு அந்தப் பக்கம் குடல் ஒவ்வொரு வாயையும் சோதித்துப் பார்க்கிறது. அமிலம் அதிகமா, கொழுப்பு அதிகமா, சர்க்கரை அதிகமா என்று பார்த்து, இப்போது போதும், நிறுத்து என்று ஹார்மோனும் நரம்பும் வழியாகச் சொல்லி அனுப்புகிறது. குடல் சுவர் மென்மையானது, அமிலத்தைத் தாங்காது. கணைய நீர் வந்து அமிலத்தை முறிக்க வேண்டும், பித்தநீர் வந்து கொழுப்பைப் பிரிக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை இரைப்பை கொடுக்கிறது. வாங்குகிறவரால் எவ்வளவு முடியும் என்று கேட்டுக் கொடுக்கும் வாசல் அது.

இது வெறும் படிப்புக்கு மட்டும் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் 6 மணி நேரம் டிபன்கூடக் கூடாது, எண்ணெய்ப் பண்டம் என்றால் இன்னும் கூடுதல் நேரம், தண்ணீர் மட்டும் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அது இந்த வாசலின் கணக்கு. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு வாய் காபிதானே என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள். சர்க்கரை நோய் பல வருஷம் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் இந்த அலைகளை நடத்தும் நரம்பு கெட்டு, காலையில் சாப்பிட்டது சாயங்காலம் வரை வயிற்றிலேயே நிற்பதும் உண்டு. நம் உறவில் பலருக்குச் சர்க்கரை இருக்கிறது. கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்தால், அடிக்கடி குமட்டினால், வாயுத் தொல்லை என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். எடை குறைக்க இப்போது போடுகிற ஊசி மருந்துகளும் குடல் ஹார்மோன் ஒன்றைப் போலச் செயல்பட்டு இந்த வாசலைத் தாமதப்படுத்துகின்றன.

இனி, அலெக்சிஸுக்கு வருவோம்.

1834-இல் அவர் ஊருக்குப் போனார். பிறகு திரும்பவே இல்லை. பியூமாண்ட் சாகும் வரை கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பணம் கூட்டித் தருகிறேன், வா என்று. குடும்பத்தை விட்டு வர முடியாது, குடும்பத்தோடு வர அந்தப் பணம் போதாது. இப்படியே வருஷங்கள் போயின. 1853-இல் பனி உறைந்த படிக்கட்டில் வழுக்கி விழுந்து, அந்தக் காயத்தால் பியூமாண்ட் இறந்தார். அலெக்சிஸ் அதற்குப் பிறகும் 27 வருஷம் வாழ்ந்தார். குண்டு பாய்ந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் 58 வருஷம். ஓட்டையோடு உழைத்து, பிள்ளைகள் பெற்று, வறுமையில் இருந்து, வயதாகி, 1880 ஜூனில் கியூபெக் மாகாணத்தில் ஒரு கிராமத்தில் இறந்தார்.

செய்தி கேட்டதும் மாண்ட்ரியலில் இருந்த வில்லியம் ஆஸ்லர், மருத்துவ உலகமே மதிக்கும் பெரியவர், அந்த இரைப்பையை அருங்காட்சியகத்துக்காக வாங்கப் பார்த்தார். குடும்பம் மறுத்துவிட்டது. வந்தால் உயிரோடு திரும்ப முடியாது என்கிற அளவுக்கு எச்சரிக்கை போயிற்று. வெயில் காலம். டாக்டர்களுக்குப் பயன்படாமல் போகட்டும் என்று உடலை வேண்டுமென்றே சில நாள் வீட்டில் வைத்திருந்தார்கள். நாற்றம் தாங்காமல் சவப்பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுபோக முடியவில்லை, வெளியே வைத்துத்தான் பூசை நடந்தது. யாரும் தோண்டி எடுக்காதபடி 8 அடி ஆழத்தில் புதைத்தார்கள்.

இதை முதலில் படித்தபோது, படிப்பறிவில்லாத ஜனங்கள், அறிவியலுக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றியது. இரண்டாம் முறை படித்தபோது மரியை நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து கணவன் உடம்பை ஊர் பேர் தெரியாதவர்கள் விரல் விட்டுப் பார்த்ததைக் கண்டவர் அவர். பெட்டியில் போட்ட பிறகாவது மூடி வைக்க வேண்டும் என்று அந்த வீடு நினைத்ததில் என்ன தப்பு? அறிவியலுக்கு வேண்டியது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அந்த வீட்டுக்குத்தான் எதுவும் கிடைக்கவில்லை. 1962-இல் கனடாவின் உடலியல் அறிஞர்கள் அந்த ஊரில் அவர் பெயரில் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அவர் இறந்து 82 வருஷம் கழித்து.

பியூமாண்ட் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் அலெக்சிஸ் அன்றே இறந்திருப்பார். உயிரைக் காப்பாற்றினார், சோறு போட்டார், உழைத்தார், பொய் இல்லாமல் எழுதினார். ஆனாலும் போதும் என்று அலெக்சிஸ் ஒவ்வொரு முறை ஓடிப்போய்ச் சொன்னபோதும் அவருக்கு அது காதில் விழவில்லை. குடல் போதும் என்றால் இரைப்பை கேட்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் புறப்பட்ட மனிதர்களுக்கு அது வரவில்லை. நானும் ஒருநாள் வகுப்பில் அப்படித்தான் இருந்தேன். பாடத்தை முடிக்கும் அவசரத்தில் எதிரே இருந்த பிள்ளை எதைக் கேட்கிறாள் என்று கவனிக்கவில்லை.

மூன்றாவது வரிசைப் பெண்ணே, நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்று தெரியாது. இதைப் படிப்பாயா என்பதும் தெரியாது. உன் கேள்விக்குப் பதில் இதுதான். அவர் பெயர் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின். அவருக்கு வலித்தது. அன்று கரும்பலகையில் அவர் பெயரையும் நான் எழுதியிருக்க வேண்டும்.

உங்களில் பல பேர் இப்போது ஆசிரியர்கள், நர்சுகள், லேப் டெக்னீஷியன்கள், இரண்டு பேர் டாக்டர்கள். அவள் கேட்டதை நீங்கள் உங்கள் இடத்தில் கேளுங்கள். பெயர் என்ன, வலிக்கிறதா என்று.

பதிவில் ஏதாவது பிழை இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். இந்த முறை யாரையும் உட்காரச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்